நீச்சல் குளத்துக்குப் போட்ட கல்யாணப் பந்தல்

பேராக் மாநிலத்தில் பலகை வீடும் நீச்சல் குளமும் சேர்ந்தாற்போல் வைத்திருந்த குடும்பம் ஒன்றே ஒன்றுதான். அது என் சித்தப்பா மகள் இருளாயியின் குடும்பம். இதை ஈப்போவில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பியவர்கள் குறைவு. நம்பாதவர்களை நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸிலேயே ஏற்றி, செமோருக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்த பிறகும் இரண்டு பேர் நம்பவில்லை. ஒருவர் மட்டும் தொட்டுப் பார்க்கிறேன் என்று உள்ளே விழுந்தார். அவர் நம்பினார்.

செமோருக்கு வடக்கே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். பழைய வேலையாட்களுக்கு ஆளுக்கொரு சிறு துண்டு என்று முடிவாகிச் சீட்டுக் குலுக்கினார்கள். துரை பங்களாவின் தேக்குப் பலகைகளை வாங்கியவர் கடைசி ஆணிவரை பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பங்களாவின் நீச்சல் குளத்தைப் பிடுங்க வழியில்லாததால் அது அங்கேயே கிடந்தது. அந்தத் துரை அதில் நீந்தி நாங்கள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறோம். அதுவும் நாயைத் துரத்தும்போது கால் தவறியதால்.

குலுக்கிய சீட்டில் அந்தத் துண்டு இருளாயியின் கைக்கு வந்தது. அவள் புருஷன் சன்னாசி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெட்டிய ரப்பர் மரங்களை லோரியில் ஏற்றும்போது ஒரு கட்டை உருண்டு அவன் இடுப்பின்மேல் ஏறி இறங்கிவிட்டது.

"நமக்கெல்லாம் நெலம், சன்னாசிக்கு மட்டும் ஓட்டை" என்று சிரித்தார் கோயில் பூசாரி உடையப்பன்.

"ஓட்டைன்னாலும் சிமெண்டு பூசுன ஓட்டைலா" என்றாள் இருளாயி. "ஓங்க நெலத்துல சிமெண்டு இருக்கா பாருங்க."

சன்னாசியின் எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் நடப்பதை மறந்துவிட்டது. டாக்டர், "தண்ணீரில் நிறுத்தி நடக்கவிடுங்கள், ஞாபகம் வரும்" என்று சொல்லி அனுப்பினார். தண்ணீருக்கு எங்கே போவது என்று மற்றவர்கள் யோசிக்கும் நேரத்தில் இருளாயி குளத்தை வழித்துக் கழுவிவிட்டாள். தவளைகள் ஒரே நாளில் வெளியேறின. ஓர் உடும்பு மட்டும் போக மறுத்தது. துரை காலத்திலிருந்தே குடியிருப்பதால் அதற்கும் ஓர் உரிமை உண்டு என்று அவளும் விட்டுவிட்டாள். மலை ஓடையிலிருந்து பங்களாவுக்கு வந்துகொண்டிருந்த பழைய குழாயைத் திருப்பினாள். குளம் நிறைந்தது.

சன்னாசியை நானும் அவளும் ஒரு கைலியில் தூளி மாதிரி கட்டி இறக்கினோம். தரையில் சாக்கு மூட்டை மாதிரி கிடந்தவன், தண்ணீரில் நின்றான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு நடந்தான்.

"மச்சான், நடக்கறது நானா, தண்ணியா?" என்றான்.

"ரெண்டு பேருந்தான்" என்றேன். அவனுக்கு அழுகை வந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டான். தங்கச்சி புருஷன் அழுவதைப் பார்க்காமல் இருக்க நான் உடும்பைப் பார்த்தேன். அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கஷ்டம் மழையால் வந்தது. எங்கள் பக்கத்து மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். வெயில் இறங்கினால் மழை இறங்கும். மழைத்துளியின் கனத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. சன்னாசிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தான். அந்த ஒரு வாரத்தில் கால் படித்ததையெல்லாம் மறுபடி மறந்துவிட்டது. தண்ணீரில் இறங்காவிட்டால் கால் மரக்கட்டை. இறங்கினால் காய்ச்சல். குளத்துக்குமேல் கூரை வேண்டும் என்று இருளாயி அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

அவள் மூங்கில் தேடக் கிளம்பும் முன்னே மாவட்ட மன்றத்திலிருந்து மத்தியாஸ் வந்து சேர்ந்தார்.

மத்தியாஸ் ஈப்போ பக்கத்து லகாட் ஊர்க்காரர். மன்றத்தில் கட்டட விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் அளவு நாடா, கையில் விதிப் புத்தகம், தோளில் ஒரு தண்ணீர்ப் புட்டி. போகிற வீட்டில் ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடிக்கமாட்டார் என்பதால் அந்தப் புட்டி. அவரைப் பற்றிக் குறை சொல்ல நான் பல பேரிடம் விசாரித்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. விதியை வளைக்கவும் மாட்டார், விதிக்குமேல் ஒரு சொல் கூட்டிப் பயமுறுத்தவும் மாட்டார். அப்படி ஒரு மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"அம்மா, வீட்டுல தெறந்து கெடக்கற கொளம் ஆபத்து. கொசு வேற. ஒண்ணு, விதிப்படி மூடணும். இல்ல, மண்ணு போட்டு ரொப்பணும்" என்றார்.

"நானும் மூடத்தான் சார் பாக்கறேன். நாலு மூங்கில நட்டு மேல அத்தாப்பு ஓலை போட்டுர்றேன்."

"கால் நட்டுக் கூரை போட்டா அது கட்டடம். கட்டடம்னா எல்லையிலேருந்து பத்தடி தள்ளி இருக்கணும். ஒங்க கொளம் எல்லைக்கு மூணடியில இருக்கு."

இருளாயி குளத்தையும் எல்லைக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொளத்தக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுங்களா?"

மத்தியாஸ் சிரிக்கவில்லை. உண்மையாகவே குனிந்து குளத்தின் விளிம்பைப் பார்த்தார். "கஷ்டம்மா" என்றார். "ஆனா ஒண்ணு. தண்ணியோட மட்டத்துல படுக்கப் போடற மூடிக்கு அனுமதி வேணாம். தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கட்டிக்கலாம்."

"அப்ப இவரு எப்படி சார் உள்ள நடப்பாரு? தலைக்கு ஒரு ஓட்டை போட்டுக்கவா?"

தண்ணீரில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்த சன்னாசி, "போலே லா" என்றான். முடியும் என்றுதான் அர்த்தம். அவனுக்கு எல்லாமே முடியும், நடப்பதைத் தவிர.

மத்தியாஸ் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். மனசு இளகினால் சிலர் கண்ணைத் துடைப்பார்கள். அவர் பக்கத்தைப் புரட்டுவார். ஆனால் அந்தப் பக்கத்திலும் பத்தடிதான் இருந்தது.

"ரெண்டு மாசம் தவணை தாரேன்மா. அதுக்குமேல என் கையில இல்ல."

அவர் சைக்கிளில் ஏறும்போது இருளாயி கேட்டாள். "சார், எங்க மக நல்லம்மாளுக்குக் கலியாணம் பேசியிருக்கோம். கலியாணப் பந்தலுக்கும் பத்தடியா?"

மத்தியாஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். "கலியாணம், கருமாதி, திருவிழா... சடங்குக்குப் போடற பந்தல் கட்டடத்துல சேராது. எல்லைக் கணக்கு இல்ல. சுவர் வைக்கக்கூடாது, பன்னெண்டடிக்கு மேல ஒசரக்கூடாது. சடங்கு முடியற வரைக்கும் நிக்கலாம். முடிஞ்சதும் பிரிச்சிடணும்."

"முடிஞ்சிருச்சுன்னு யாரு சொல்லுவா?"

"சடங்கு ஒங்களோடது. நீங்கதாம்மா சொல்லணும்."

இருளாயி தலையை ஆட்டினாள். என் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் பதினோரு பேர். எங்கள் எல்லாருக்கும் சேர்த்து வந்திருக்கவேண்டிய மூளை அவளிடம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நல்லம்மாளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் சீனி. ஈப்போவில் எங்கள் பஸ் பட்டறையில் மெக்கானிக். நல்ல பையன், அவசரக்காரன். அடுத்த மாசமே பந்தக்கால் நடப்போகிறார்கள் என்று கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தக்கால் ஊன்றுகிற அன்று உடையப்பன் மஞ்சளும் மாவிலையும் எடுத்துக்கொண்டு வந்தார். "கலியாணம் எந்தத் தேதி?" என்று கேட்டார்.

"தேதி இவரு காலுல இருக்கு" என்று சன்னாசியைக் காட்டினாள் இருளாயி. "இவரு நின்னு பொண்ணத் தாரை வார்த்துக் குடுக்கணும். என்னைக்கு நிக்கறாரோ அன்னைக்குக் கலியாணம்."

சீனிக்குத் தலையும் காலும் மறுபடி அதனதன் இடத்துக்குப் போயின.

"தேதி தெரியாமப் பந்தக்கால் நடற வழக்கம் இல்லியே தாயீ" என்றார் உடையப்பன்.

"தேதி வந்தப்புறந்தான் நடணும்னு சாமி சொல்லுச்சா?"

உடையப்பன் சாமியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சாமி மறுக்கவில்லை போலிருக்கிறது, நட்டுவிட்டார். பழைய தோட்ட வேலியிலிருந்து வெட்டிய கல்யாண முருங்கைக் கிளை. வழக்கமாக யாரும் கைக்கு அகப்பட்ட குச்சியை வெட்டி வருவார்கள். இருளாயி வேலி முழுக்க நடந்து, தொடை கனத்தில், கணுவுக்குக் கணு பச்சையாக இருந்த ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்தாள். மற்ற கால்கள் எல்லாம் மூங்கில். தோட்டத்து ஆட்கள் ஒரே நாளில் மேலே அத்தாப்பு வேய்ந்து குளத்தை முழுசாக மூடிவிட்டார்கள். மூலைக் காலாகப் பந்தக்காலே நின்றது.

பந்தக்காலுக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றுவது ஊன்றுகிற அன்றைக்கு மட்டும். இருளாயி தினமும் காலையில் ஒரு குடம் ஊற்றினாள். அவளுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வெயிலும் மழையும் சன்னாசியைத் தேடி வந்து ஏமாந்து போயின. அவன் காலை மாலை இரண்டு வேளையும் குளத்தில் நடந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சீனி வந்து கூடவே இறங்குவான். அவனுக்கு நீச்சல் தெரியாது. மாமனாரை இவன் பிடிக்கிறானா, இவனை மாமனார் பிடிக்கிறாரா என்று சொல்ல முடியாது.

"மாமா, கொஞ்சம் எட்டி வைங்க. எனக்கு முடி கொட்ட ஆரம்பிச்சிருச்சு."

"கொட்டட்டும்லா. மொட்டைத் தலைக்கும் மாலை நிக்கும்."

மத்தியாஸ் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை வருவார். பந்தலை அளப்பார். "சடங்கு முடிஞ்சிருச்சாம்மா?" என்பார். "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்" என்பாள் இருளாயி. அது உண்மை என்பது அவர் கண்முன்னே தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும். புட்டியிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒருமுறை மட்டும் நாடாவைப் பிடித்தவர் அப்படியே நின்றார். பந்தக்கால் இருந்த மூலை உயர்ந்திருந்தது. முதலில் பதினோரடி. இப்போது பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரம் நுனியில்தான் வளரும், நடுவில் கட்டிய கயிறு கட்டிய இடத்திலேயே இருக்கும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த மூலை உயர்ந்ததால் மழைத் தண்ணீர் எதிர்ப்பக்கம் அழகாக வடிந்துகொண்டிருந்தது.

"பந்தல் ஒசந்திருக்கேம்மா."

"பந்தல் எப்படி சார் ஒசரும்? தரை எறங்கியிருக்கும். சுத்திலும் ஈயம் தோண்டுன பூமி."

மத்தியாஸ் லகாட்டில் பிறந்தவர். அங்கே ஈயம் தோண்டிய பக்கத்தில் அவர் பெரியப்பா வீட்டுக் கோழிக்கூண்டு ஒருநாள் காலையில் கோழிகளோடு கீழே போய்விட்டதாம். "எறங்கும், எறங்கும்" என்று சொல்லி நாடாவைச் சுருட்டினார். பன்னிரண்டைத் தாண்டவில்லை என்பதையும் சுருட்டுவதற்கு முன் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார்.

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் போனது. ஒருநாள் மத்தியான ஓட்டம் முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் சன்னாசி வாழைத்தாரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். தரையில். தனியாக. என்னைக் கண்டதும் வாழையடியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், பாத்தத முழுங்கிரு."

"அடப்பாவி, எப்பலேருந்து?"

"நாளாச்சு. இங்கேருந்து வாசல் வரைக்கும் போயிட்டு வாரேன்." அவன் குரல் தாழ்ந்தது. "நீயே யோசிச்சுப் பாரு. நான் நடந்தாக் கலியாணம். கலியாணம் முடிஞ்சாப் பந்தல் போச்சு. பந்தல் போனா மழையில நான் கொளத்துல எறங்க முடியாது. ஒரு வாரம் எறங்காட்டி காலு மறுபடி கட்டைதான். நடந்தா நடக்க முடியாமப் போயிரும். அதனாலதான் நடக்காம இருக்கேன்."

பதில் பின்னாலிருந்து வந்தது.

"நான் போன மாசமே பாத்துட்டேன்" என்றாள் இருளாயி. இடுப்பில் தண்ணீர்க் குடம். "நீங்க எந்திரிச்சு நிக்கறதப் பாத்துட்டு, தனியா நின்னு சிரிச்சிட்டுப் போனேன். போதும். பிள்ள காத்துக்கிட்டு இருக்கா. வர்ற தையில கலியாணம்."

"அப்ப பந்தலு?"

"மத்தியாஸ் சார்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். சடங்கு முடிஞ்சதும் பிரிக்கணும்."

"அப்ப என் காலு, புள்ள?"

குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தக்காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கல்யாணம் அந்தப் பந்தலிலேயே நடந்தது. குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் பலகை பரப்பி மணவறை போட்டோம். சன்னாசி வீட்டு வாசலிலிருந்து மணவறைவரை வேட்டி தடுக்காமல் நடந்து வந்தான். நாதஸ்வரக்காரர் அவன் நடைக்குத் தக்கபடி வாசித்ததால் அந்தக் கீர்த்தனை வழக்கத்தைவிட நீண்டது. மகளின் கையை எடுத்துச் சீனியின் கையில் வைத்தபோது சீனிதான் நடுங்கினான், சன்னாசி ஆடவில்லை. மத்தியாஸும் அழைப்பின்பேரில் வந்திருந்தார். பந்திக்கு உட்கார்ந்தார், தண்ணீர் மட்டும் தன் புட்டியிலிருந்து குடித்தார். உடும்பும் வந்திருந்தது. அதை யாரும் பாக்கு வைத்து அழைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பந்தல் பிரிக்க ஆட்கள் கூடினார்கள். முதல் ஓலையை எடுக்க ஏணி வைத்தவனை உடையப்பன் தடுத்தார். "இரு. மொதல்ல பந்தக்கால். அத முறையாப் பிடுங்கி ஆத்துல விட்டாத்தான் கலியாணம் முடிஞ்சதாக் கணக்கு. அதுக்கு முன்னால பந்தல்ல ஒரு ஓலையத் தொடக்கூடாது."

அவர் கற்பூரம் காட்டிவிட்டுப் பந்தக்காலைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. சீனி வந்து சேர்ந்து இழுத்தான். பிறகு நான். பிறகு பந்தியில் அதிகம் சாப்பிட்ட நாலு பேர். கடைசியில் வாழைத்தார் ஏற்ற வந்த லோரியில் கயிறு கட்டி இழுத்தோம். லோரிதான் மரத்தை நோக்கி ஓரடி வந்தது.

அப்போதுதான் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். பந்தலின் மூலையைத் துளைத்துக்கொண்டு கூரைக்குமேல் ஒரு மரம் நின்றது. இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்திருந்தது.

"வெட்டிரலாமே?" என்றான் சீனி.

"பந்தக்கால்ல கத்தி வைக்கவா?" உடையப்பன் அலறினார். "தாலி கட்டி மூணு நாளு ஆகல. ஒம் பொண்டாட்டிக்கு ஆகுமாடா அது?"

நல்லம்மாள் சீனியைப் பார்த்தாள். சீனி கத்தி என்ற சொல்லையே மறந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மத்தியாஸின் சைக்கிள் வந்து நின்றது. பந்தல் நிற்பதைக் கண்டார். கயிற்றைக் கண்டார். லோரியைக் கண்டார். மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பூவைப் பார்த்துவிட்டு, அடிமண்ணைத் தொட்டார். ஈரமாக இருந்தது.

"தெனமும் தண்ணி ஊத்தினீங்களாம்மா?"

"பந்தக்கால் சாமி சார்" என்றாள் இருளாயி. "தாகத்தோட நிக்க விடலாங்களா?"

மத்தியாஸ் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஆற்றங்கரையில் இரண்டு நல்ல தூண்டில்காரர்கள் ஒருவர் கூடையை ஒருவர் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது. வாசலில் நின்றிருந்த சன்னாசி எந்தப் பக்கமும் பார்க்காமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியாஸ் விதிப் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு உடையப்பன் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. ஒங்க முறைப்படி சடங்கு முடிஞ்சிருச்சா?"

உடையப்பன் யாருக்காகவும் பொய் சொல்லாதவர். அதற்கு அன்று அவசியமும் வரவில்லை. "பந்தக்கால் நிக்கற வரைக்கும் முடியாதுங்க. முடிஞ்சிருச்சுன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும்."

"அப்ப கலியாணம் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு." மத்தியாஸ் புத்தகத்தை மூடினார். "முடிஞ்சதும் பிரிச்சிடணும்மா. அதுதான் விதி. முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க."

"கண்டிப்பா சார். வாக்குன்னா வாக்கு."

சைக்கிளில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். தன் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அதில் தண்ணீர் இருந்தது, நான் பார்த்தேன். மண்ணில், அந்த மரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, "தண்ணி தீந்து போச்சு. ஒரு காப்பி கெடைக்குமாம்மா?" என்றார்.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. நல்லம்மாளுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான். ஓலையை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். உயரத்தை இப்போதெல்லாம் யாரும் அளப்பதில்லை. தரை நிறைய இறங்கிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். மத்தியாஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, தனக்குப் பின்னால் வந்தவரையும் அழைத்து வந்து, "இங்க ஒரு கலியாணம் நடந்துக்கிட்டு இருக்கு" என்று முறையாக அறிமுகப்படுத்திவிட்டுத்தான் போனார்.

சன்னாசி என்னை வழியனுப்பப் பஸ் நிற்கும் இடம்வரை நடந்தே வருகிறான். நடந்தே திரும்பிப் போய்க் குளத்தில் இறங்குகிறான். போன மாசம் சீனி அவன்கூடத் தண்ணீரில் நின்றுகொண்டு, இருந்த கொஞ்ச முடியையும் தடவியபடி கேட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கலியாணம் ஆயிருச்சா, இல்லியா?"

சன்னாசி குளத்தின் அந்தக் கரைவரை நடந்துபோய், திரும்பி வந்து சொன்னான்.

"அவசரப்படாதலா. நடந்துக்கிட்டு இருக்கு."